முதுகில் ஊசிக்குத்துப் போல ஒரு துளை: மூன்று வயதுக் குழந்தையின் தண்டுவட டெர்மாய்டு கட்டி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கரு உருவாகும் மூன்றாம், நான்காம் வாரங்களில், பிற்காலத்தில் தோலாகப் போகும் படலமும் நரம்பு மண்டலமாகப் போகும் படலமும் ஒன்றாகவே இருந்து, நரம்புக் குழல் மூடிக்கொள்ளும் வேளையில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அந்தப் பிரிவு ஏதேனும் ஓரிடத்தில் முழுமையாக நடக்காமல் போனால், தோலுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே நூலிழை போன்ற ஒரு புழை தங்கிவிடுகிறது. தோல் பிரிந்துபோனாலும் அதன் துணுக்கு ஒன்று உள்ளே அகப்பட்டுக்கொள்வதும் உண்டு. அகப்பட்ட துணுக்கு தோலைப் போலவே நடந்துகொள்கிறது: செதில்களை உதிர்க்கிறது, எண்ணெய் சுரக்கிறது, முடியும் வளர்க்கிறது. உதிர்ந்தவை வெளியேற வழியில்லாததால் அவை சேர்ந்து சேர்ந்து கட்டியாகின்றன. இதுவே டெர்மாய்டு கட்டி. மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லாமல் செதில்கள் மட்டும் சேர்ந்திருந்தால் அதற்கு எபிடெர்மாய்டு என்று பெயர். இரண்டுமே புற்றுநோய் அல்ல. மிக மெதுவாக வளர்பவை. ஆனாலும் அவை இருக்கும் இடம் தண்டுவடக் குழாய் என்பதால் சிறிய அளவிலேயே பெரிய சேதத்தை விளைவிக்கக்கூடும்.

இங்கே பதிவு செய்யப்படும் குழந்தைக்கு நாங்கள் கதிரியக்கப் பிரிவில் படமெடுத்தோம். அறுவை சிகிச்சையும் அதே மருத்துவமனையில் நடந்தது. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதப்படும் இந்தப் பதிவில், குழந்தையை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. கட்டி அரிதானது என்பதற்காக இதை எழுதவில்லை. கட்டி தன்னை மூன்று முறை காட்டிக்கொண்டும் மூன்று முறையும் வேறொன்றாகப் படிக்கப்பட்டது. அந்தப் பிழைகளில் ஒன்று எங்கள் துறையைச் சேர்ந்தது.

இரண்டு காய்ச்சல்கள்

பெண் குழந்தை, சுகப்பிரசவம், வளர்ச்சியில் குறை எதுவும் இல்லை. பன்னிரண்டு மாதத்தில் நடந்தாள். பத்தொன்பதாம் மாதத்தில் கடும் காய்ச்சலும் வாந்தியும் கழுத்து விறைப்பும் ஏற்பட, ஊருக்கு அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தனர். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீர் கலங்கியிருந்தது. வளர்ப்புச் சோதனையில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வளர்ந்தது. மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து செலுத்தி, குணமாக்கி அனுப்பினார்கள். சிகிச்சையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இந்தக் கிருமி தோலில் வாழ்வது. தலையில் அடிபடாத, மூளையிலோ முதுகிலோ அறுவை நடக்காத ஒரு குழந்தையின் தண்டுவட நீரில் அது காணப்பட்டால், எந்த வழியாக உள்ளே வந்தது என்ற கேள்வி எழுந்தாக வேண்டும். அந்தச் சமயம் குழந்தையின் காலில் ஒரு கொப்புளம் இருந்தது. அதிலிருந்து இரத்தம் வழியாகப் பரவியிருக்கலாம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருந்தது. நம்பக்கூடிய விடை ஒன்று உடனே கையில் கிடைத்துவிட்டதால் தேடல் அத்தோடு நின்றது.

இரண்டாவது முறை குழந்தைக்கு வயது இரண்டு ஆண்டு பத்து மாதம். ஒன்பது நாள் காய்ச்சல். அதில் நான்கு நாட்கள் வெளியில் ஆன்டிபயாட்டிக் ஊசி போடப்பட்டிருந்தது. தண்டுவட நீரில் 380 செல்கள், அவற்றில் அறுபது விழுக்காடு லிம்போசைட் என்ற வெள்ளையணு. சர்க்கரை 28 மி.கி., அதே நேரத்தில் இரத்தத்தில் 96 மி.கி.; புரதம் 240 மி.கி. வளர்ப்பில் எதுவும் வளரவில்லை. ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையிலும் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. ஆனால் அந்தச் சோதனை எதிர்மறையாக வந்தாலே காசநோய் மூளையுறை அழற்சி இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. மூளையின் சிடி ஸ்கேனில் நீரறைகள் லேசாக விரிந்திருந்தன. நம் நாட்டில் இந்த எண்களைப் பார்க்கும் எந்தக் குழந்தை மருத்துவரும் காசநோயைத்தான் முதலில் நினைப்பார். நினைக்காமல் விட்டால்தான் தவறு. நான்கு மருந்துகள் கொண்ட காசநோய்ச் சிகிச்சை ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தொடங்கப்பட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

இந்த மூன்றாம் நாளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. காசநோய் மருந்து அவ்வளவு விரைவில் பலன் தருவது வழக்கமில்லை. டெர்மாய்டு கட்டி கசிந்தாலோ வெடித்தாலோ, அதிலிருக்கும் கொழுப்பும் செதில்களும் தண்டுவட நீரில் கலந்து, கிருமி எதுவும் இல்லாமலே மூளையுறையைப் புண்ணாக்கும். வேதி அழற்சி என்று சொல்லப்படும் இந்த நிலையிலும் செல்கள் கூடும், புரதம் ஏறும், சர்க்கரை குறையவும் கூடும், வளர்ப்பில் எதுவும் வளராது. அதைத் தணிக்கும் மருந்து ஸ்டீராய்டு. ஆக, குழந்தை தேறியது உண்மை. எந்த மருந்தால் தேறினாள் என்ற கணக்கில்தான் பிழை நேர்ந்தது. எட்டாவது வாரத்தில் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். பத்தாவது வாரத்தில் குழந்தை மீண்டும் நச்சரிக்கத் தொடங்கினாள்; இரவில் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குழந்தை எங்களிடம் வந்தபோது

வயது மூன்று ஆண்டு ஒரு மாதம். ஐந்து நாட்களாக நடக்க மறுக்கிறாள், இரண்டு நாட்களாக ஜட்டி எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, மலம் கழித்து நான்கு நாட்கள் ஆகின்றன என்று தாய் கூறினார். காய்ச்சல் 101.4 டிகிரி. முதுகைப் பலகைபோல் விறைப்பாக வைத்திருந்தாள். காலைத் தூக்கினால் வீறிட்டாள். வலது பாதத்தை மேல்நோக்கி மடக்கும் வலிமை ஐந்துக்கு இரண்டு, இடது பாதத்தில் மூன்று. கணுக்கால் அனிச்சைகள் இல்லை. அடிவயிற்றில் சிறுநீர்ப்பை கைக்குத் தட்டுப்பட்டது. குழாய் செருகியதும் 180 மி.லி. வெளியேறியது. அந்த வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 120 மி.லி. கொள்ளும். ஆகவே ஜட்டியை நனைத்தது கழித்த சிறுநீர் அன்று, நிரம்பி வழிந்த சிறுநீர்.

ஆசனவாய்ச் சுருக்குத்தசையின் இறுக்கத்தைச் சோதிக்கக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்த முதுநிலை மாணவிதான் அதை முதலில் பார்த்தார். புட்டப் பிளவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஆசனவாயிலிருந்து ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் உயரத்தில், நடுக்கோட்டில், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு துளை. அதிலிருந்து மூன்று முரட்டுக் கருமுடிகள். சுற்றிலும் லேசான சிவப்பு. அதற்கு இரண்டு விரற்கடை மேலே பழைய ஊசியின் தழும்பு. முந்தைய இரண்டு முறையும் யாரோ ஒருவர் அந்த முதுகைக் கழுவி, அயோடின் தடவி, ஊசி செருக வேண்டிய இடத்தை விரலால் தடவித் தேடியிருக்கிறார். துளை அவரது கண்ணெதிரேயே இருந்திருக்கிறது. ஆனால் அவர் தேடியது இரண்டு எலும்புகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தை.

கட்டிலருகே நின்றிருந்த பாட்டியிடம் மாணவி கேட்டபோது கிடைத்த விடை நோயேட்டில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: "பொறந்தப்பவே இருந்துச்சுங்க டாக்டரம்மா. எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டும்போது சில நாள் வெள்ளையா கசியும், பஞ்சால தொடச்சு விட்ருவேன். சுழின்னு நெனச்சோம். யாரும் கேக்கல, நானும் சொல்லல." குழந்தையைத் தினமும் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர். இரண்டு மருத்துவமனைகளிலும் தகவல் கேட்கப்பட்டது தாயிடமும் தந்தையிடமும்.

பிறந்த குழந்தைகளில் பலருக்கு வால் எலும்பருகே சிறு குழி இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கெடுதலற்றவை. ஆசனவாயிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள், நடுக்கோட்டில், ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான அகலத்தில், அடி தெரியும்படி, வேறு தோல் அடையாளம் எதுவும் இல்லாமல் இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. புட்டப் பிளவுக்கு மேலே இருந்தாலோ, முடியோ சிவப்புத் தழும்போ கொழுப்புப் புடைப்போ உடனிருந்தாலோ, கசிந்தாலோ கதையே வேறு. துளை சிறியதாக இருப்பது எந்த ஆறுதலையும் தருவதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படமெடுப்பதற்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, முதுகில் மீண்டும் ஊசி போடுவதில்லை என்பது. தண்டுவட நீரை மறுபடி சோதிக்க வேண்டும் என்ற விருப்பம் இயல்பானதே. ஆனால் புழை உள்ள குழந்தையின் தண்டுவடம் கீழே கட்டுண்டு தாழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஊசி நேரே அதன்மேலேயே இறங்கலாம். சீழ் நிறைந்த கட்டிக்குள் ஊசி புகுந்தால், சீழைச் சுத்தமான இடத்துக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஆவோம். இரண்டாம் முறை ஊசி போட்டவரின் குறிப்பில் "இரண்டு முயற்சிகள், சிரமப்பட்டுச் சில துளிகள் மட்டும்" என்று எழுதியிருந்ததை இதற்குப் பிறகே கவனித்தோம். துளைக்குள் கம்பி விட்டுப் பார்ப்பதும், சாயம் செலுத்திப் படமெடுப்பதும் இதே காரணத்தால் விலக்கப்பட்டன.

இரண்டாவது முடிவு, எதைப் படமெடுப்பது என்பது. விண்ணப்பத்தில் இடுப்புப் பகுதித் தண்டுவடம் என்று மட்டுமே எழுதியிருந்தது. மூன்று வயதுக் குழந்தையை மயக்கத்தில் வைத்துத்தான் படமெடுக்க முடியும் என்பதால் மயக்கவியல் மருத்துவர் எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடங்கள் தந்தார். முழு முதுகையும் எம்ஆர்ஐயில் எடுத்து, அதன்பின் மூளையில், கொழுப்பை வெள்ளையாகக் காட்டும் டி1 படம் ஒன்றும் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படம் ஒன்றும் எடுப்பது என்று மருத்துவர்களோடு பேசி முடிவுசெய்தோம். கட்டி எவ்வளவு தூரம் கசிந்திருக்கிறது என்பதை இடுப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

தொழில்நுட்பம் சார்ந்த சில சிறு விஷயங்கள் இங்கே பெரிதாயின. குழந்தை மல்லாந்து படுக்கும்போது துளை அமுங்கி மறைந்துவிடும். ஆகவே அதன் ஓரத்தில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றைப் பிளாஸ்திரியால் ஒட்டினோம். உள்ளே எண்ணெய் இருப்பதால் படத்தில் அது வெள்ளை மணிபோலத் தெரிந்து, துளை இருக்கும் இடத்தைக் காட்டித் தரும். வழக்கமான முதுகுப் படத்தில் தோல் வரை சட்டகம் போவதில்லை. அதைப் பின்பக்கம் தள்ளி வைத்தோம். நடுக்கோட்டு வெட்டுகளின் தடிமனை 2 மி.மீ. ஆக்கினோம். தோலடிக் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் டி1 படத்தில்தான் புழை கறுப்புக் கோடாகத் துலங்கும்; முதலிலேயே கொழுப்பை ஒடுக்கிவிட்டால் அந்தக் கோடு பின்னணியோடு கரைந்துவிடும். எனவே கொழுப்பு ஒடுக்காத படத்தை முதலிலும் ஒடுக்கியதை அடுத்தும் எடுத்தோம்.

எம்ஆர்ஐ காட்டியவை

வெள்ளை மணிக்கு அருகிலிருந்து கறுப்புக் கோடு ஒன்று கிளம்பி, தோலடிக் கொழுப்பினூடே சாய்வாக மேல்நோக்கி ஏறியது. ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பின் பின்வளைவு மூடாமல் இருந்தது. அந்த இடைவெளி வழியே கோடு நுழைந்து, நான்காம் எலும்பின் மட்டத்தில் தண்டுவட உறையைத் துளைத்தது. கரு வளரும்போது எலும்புத் தூண் தண்டுவடத்தைவிட வேகமாக நீள்வதால் தண்டுவடத்தின் நுனி மேலேறுகிறது. ஒட்டிக்கொண்ட புழையும் அதனோடு இழுபட்டு ஏறுகிறது. இதனால் தோலில் உள்ள துளை பெரும்பாலும் உள்ளே உள்ள நோயைவிடத் தாழ்ந்தே இருக்கும். துளை இருக்கும் மட்டத்தை மட்டும் படமெடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

உறைக்குள், இரண்டாம் இடுப்பு எலும்பின் கீழ்விளிம்பு முதல் ஐந்தாம் எலும்பு வரை ஒரு கட்டி. தண்டுவட நுனி நான்காம் எலும்புவரை தாழ்ந்து, கட்டியின் முன்புறத்தோடு ஒட்டியிருந்தது. இந்த வயதில் அது இரண்டாம் எலும்பையொட்டி முடிந்திருக்க வேண்டும். கட்டியின் மேல் மூன்றில் ஒரு பங்கு டி1 படத்தில் பளிச்சென்ற வெள்ளை. கொழுப்பை ஒடுக்கியதும் அது கறுத்தது. இந்த ஒரு சோதனை முக்கியமானது. பழைய இரத்தமும் அடர்ந்த புரதமும்கூட டி1 படத்தில் வெளுக்கும். ஆனால் கொழுப்பு ஒடுக்கத்தில் அவை கறுப்பதில்லை. கட்டியின் மீதிப் பகுதி டி1 படத்தில் மங்கல், டி2 படத்தில் வெள்ளை. டிஃப்யூஷன் படத்தில் நீரின் அசைவு கட்டுப்பட்டிருந்தது. அழற்சியுள்ள இடங்களை ஒளிரச் செய்யும் காடோலினியம் மருந்தைச் செலுத்தியபின் விளிம்பு முழுவதும் தடித்த வளையமாக ஒளிர்ந்தது. புழையும் அதன் நீளம் முழுக்க ஒளிர்ந்தது. கட்டிக்கு மேலே, பதினொன்றாம் மார்பு எலும்புவரை தண்டுவடத்துக்குள்ளேயே வீக்கம். கீழே, தண்டுவட நுனியிலிருந்து இறங்கும் குதிரைவால் நரம்புக்கற்றை தனித்தனி இழைகளாகத் தெரியாமல் திரண்டு முறுக்கிய கயிறுபோல் இருந்தது.

இவற்றை எப்படிப் படித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். சீழும் டிஃப்யூஷனைக் கட்டுப்படுத்தும். தோல் செதில்களின் திரளும் கட்டுப்படுத்தும். அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து இது சீழ்பிடித்த கட்டி என்றோ சீழ் இல்லாத கட்டி என்றோ சொல்லிவிட முடியாது. முதுகெலும்பருகே அந்தப் படம் கோணலாகத் தெரியும் சங்கடமும் உண்டு. சாதாரண டெர்மாய்டின் விளிம்பு காடோலினியத்தில் ஒளிர்வதில்லை, ஒளிர்ந்தாலும் மெல்லிய கோடாகவே ஒளிரும். இங்கே தடித்த வளையமும் புழையின் ஒளிர்வும் தண்டுவட வீக்கமும் காய்ச்சலும் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 96 என்று ஏறியிருந்ததும் சேர்ந்தே சீழ் என்ற முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தன. லிப்போமா எனப்படும் வெறும் கொழுப்புக் கட்டி என்றால் கட்டி முழுவதும் சீரான கொழுப்பாக இருந்திருக்கும். காசநோயால் வரும் ஒட்டழற்சியிலும் நரம்புகள் திரளும், வளையங்கள் ஒளிரும். ஆனால் காசநோய்க் கட்டிக்குள் கொழுப்பு இருக்காது, தோல்வரை நீளும் புழையும் இருக்காது.

அடுத்து மேலே பார்த்தோம். மார்புப் பகுதியில், தண்டுவடத்துக்கு முன்புறம் டி1 படத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் நான்கைந்து. மூளையில், இருபக்க நீரறைகளின் முன்கொம்புகளில் பக்கத்துக்கு ஒன்று. குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறாள்; எண்ணெய் நீரில் மிதக்கும்; ஆகவே உடலின் முன்புறமே அவற்றுக்கு மேற்புறம். இடுப்பில் வெடித்த கட்டியின் கொழுப்பு தண்டுவட நீரோடு ஏறி மூளைவரை போயிருக்கிறது.

பழைய சிடி படம்

அன்றிரவு, மூன்று மாதத்துக்கு முந்தைய சிடி ஸ்கேன் பதிவான குறுவட்டைத் தந்தையிடம் கேட்டு வாங்கிக் கணினியில் போட்டோம். மூளைக்கென வழக்கமாக வைக்கும் சாளர அளவில் (படத்தில் சாம்பல் நிறமாகப் பிரித்துக் காட்டப்படும் அடர்த்தி எல்லையில்), தூய நீரைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் அடர்த்தி மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே உள்ள அனைத்தும் ஒரே கறுப்பாகத் தெரியும். நீரறையில் உள்ள நீரின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை. அதுவும் கிட்டத்தட்டக் கறுப்பே. கறுப்பில் மிதக்கும் கறுப்பை யாரும் பார்த்திருக்க முடியாது. சாளரத்தை அகலப்படுத்தியதும் வலது முன்கொம்பின் உச்சியில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு பொட்டு தனியாகத் தெரிந்தது. அதன்மேல் சுட்டியை வைத்து அளந்தபோது மதிப்பு மைனஸ் 42. காற்று என்றால் மைனஸ் ஆயிரத்தை ஒட்டி இருக்கும்; தூய கொழுப்பு மைனஸ் ஐம்பதிலிருந்து நூறு வரை. வெட்டின் தடிமன் 5 மி.மீ., பொட்டின் அளவு 3 மி.மீ. என்பதால் பக்கத்து நீரும் கலந்து மதிப்பைச் சற்று உயர்த்தியிருக்கிறது. அது கொழுப்புத்தான்.

அந்தப் படத்தின் அறிக்கை "நீரறைகள் லேசாக விரிந்துள்ளன, வேறு குறைபாடு இல்லை" என்று முடிகிறது. அதை எழுதியவர் எங்கள் மருத்துவமனையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் எங்கள் துறையைச் சேர்ந்தவர். விண்ணப்பத்தில் "காசநோய் மூளையுறை அழற்சியா?" என்று மட்டும் எழுதி வந்த படத்தில் அந்தப் பொட்டை நாங்கள் பார்த்திருப்போமா என்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். பார்த்திருப்போம் என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை

சிறுநீர்ப்பையும் கால்களும் செயலிழந்துகொண்டிருந்ததாலும் தண்டுவடத்துக்குள்ளே வீக்கம் ஏறியிருந்ததாலும், மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம் என்ற யோசனை கைவிடப்பட்டு, படமெடுத்த பதினாறு மணி நேரத்தில் அறுவை தொடங்கியது. துளையைச் சுற்றித் தோலை நீள்வட்டமாக வெட்டி, புழையை அறுக்காமல் அதன் போக்கிலேயே பின்தொடர்ந்து உள்ளே சென்றார்கள். தண்டுவட உறையைத் திறந்ததும் திரிந்த பால்போன்ற மஞ்சள் சீழும், அதில் சுருண்ட முடிகளும், மெழுகுபோன்ற வெண்ணிறச் செதில்களும் வந்தன. சுற்றிலும் பஞ்சுப் பட்டைகளை அடுக்கி, ஒரு துளியும் மேலே பரவாதபடி உறிஞ்சி எடுத்தார்கள்.

கடினமான முடிவு கட்டியின் உறையைப் பற்றியது. முழுவதும் எடுத்தால்தான் மீண்டும் வளராது. ஆனால் முன்புறத்தில் அது தண்டுவட நுனியோடும் இரண்டு நரம்பு வேர்களோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தது. நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி, அந்த இடத்தில் தொட்டாலே சுருக்குத்தசையில் அதிர்வைக் காட்டியது. சுமார் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய பட்டையை அங்கேயே விட்டுவிட்டார்கள். மீண்டும் வளர்ந்தால் பல ஆண்டுகள் கழித்து இன்னொரு முறை அறுவை செய்துகொள்ளலாம். அறுந்த நரம்பை ஒட்டவைக்க முடியாது என்பது அறுவை மருத்துவரின் கணக்கு. வேதி அழற்சியைத் தடுக்கச் சிலர் ஸ்டீராய்டு கலந்த நீரால் கழுவுவதுண்டு. சீழ் இருந்ததால் வெறும் உப்புநீரே பயன்படுத்தப்பட்டது. சின்னக் குழந்தைகளுக்கு வெட்டியெடுத்த எலும்பு வளைவுகளை மீண்டும் பொருத்துவதே வழக்கம், இல்லையேல் வளரும்போது முதுகு கூனக்கூடும். கிருமி உள்ள இடத்தில் எலும்புத் துண்டுகளைத் திரும்ப வைப்பது சரியில்லை என்பதால் அந்த ஆபத்து தெரிந்தே ஏற்கப்பட்டது.

காசநோய் மருந்தை என்ன செய்வது

சீழில் மீண்டும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. ஆறு வாரம் நரம்புவழி மருந்து தரப்பட்டது. நோய்க்குறியியல் அறிக்கை, அடுக்குச் செதில் தோலும் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் இருப்பதைக் காட்டி டெர்மாய்டு என்று உறுதிசெய்தது. ஆனால் அதே அறிக்கையில் "பல கருக்கள் கொண்ட இராட்சதச் செல்கள்" என்ற ஒரு வரியும் இருந்தது. காசநோயிலும் அத்தகைய செல்கள் காணப்படும் என்பதால் வார்டில் குழப்பம் எழுந்தது. நோய்க்குறியியல் மருத்துவரோடு நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பார்த்தபோது ஒரு செல் முடித்துணுக்கைச் சுற்றி வளைத்திருந்தது நேரிலேயே தெரிந்தது. உடல் தனக்கு அந்நியமான பொருளைக் கண்டால் காட்டும் எதிர்வினை அது. திசு அழுகல் எங்கும் இல்லை.

அப்படியும் மருந்தை அன்றே நிறுத்தவில்லை. காசநோய் மூளையுறை அழற்சிக்கான சிகிச்சையைத் தவறாக நிறுத்தினால் அதன் விலை குழந்தையின் உயிர். கல்லீரலையும் கண் நரம்பையும் கண்காணித்தபடி இன்னும் ஆறு வாரம் தொடர்வதில் உள்ள தீங்கு அதைவிடக் குறைவு. சீழின் ஜீன்எக்ஸ்பர்ட் எதிர்மறையாக வந்தது. திரவ வளர்ப்பு நாற்பத்திரண்டு நாட்கள் வைத்துப் பார்க்கப்பட்டு எதுவும் வளராத பிறகே மருந்து நிறுத்தப்பட்டது.

பின்தொடர்ந்த இரண்டு ஆண்டுகள்

காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. இடது பாதம் ஆறு வாரத்தில் முழுதாகத் தேறியது. வலது பாதம் மூன்றாம் மாதத்தில் கணுக்கால் தாங்கியோடு நடக்கும் அளவுக்கு வந்து அங்கேயே நின்றது. சிறுநீர்ப்பை தேறவில்லை. நாளொன்றுக்கு ஐந்து முறை சுத்தமான குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றத் தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுக் கொடுக்கப்பட்டது. பாட்டிதான் அதை விரைவில் கற்றுக்கொண்டார் என்று செவிலியர் குறித்திருக்கிறார். நீரறைகள் மேலும் விரியாததால் தலையில் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைக்கும் தேவை எழவில்லை.

மூன்றாம் மாதம் எடுத்த எம்ஆர்ஐ படமே இனிவரும் படங்களுக்கான ஒப்பீட்டுப் படம் என்று முடிவுசெய்தோம். அதற்கு முன் எடுத்தால் அறுவையின் வீக்கத்தையும் மிச்சக் கட்டியையும் பிரித்தறிவது கடினம். வளைய ஒளிர்வு போயிருந்தது. தண்டுவட வீக்கம் வடிந்திருந்தது. விட்டுவைத்த பட்டை 5 மி.மீ. அளவில் டிஃப்யூஷனில் தெரிந்தது. நீரறைக் கொழுப்புத் துளிகள் அப்படியே இருந்தன. அவை பல ஆண்டுகள் இருக்கும். ஓராண்டுப் படத்தை வெளியூரில் எடுத்தபோது அவற்றைக் கண்டு "மீண்டும் வெடிப்பு" என்று அறிக்கை எழுதிவிட, குடும்பம் பதறி ஓடிவந்தது. பழைய படத்தோடு ஒப்பிட்டு, எண்ணிக்கையும் அளவும் மாறவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அதன்பின் எல்லாப் படங்களையும் ஒரே பென்டிரைவில் போட்டுத் தாயிடம் கொடுத்தோம். இரண்டாம் ஆண்டுப் படத்தில் பட்டையின் அளவு 7 மி.மீ. குழந்தைக்குப் புதிய குறை எதுவும் இல்லாததால் அறுவை வேண்டாம் என்றும், ஆண்டுக்கொரு முறை படமும் முதுகு கூனுகிறதா என்று அறிய எக்ஸ்ரேயும் எடுப்பதென்றும் முடிவானது.

மாற்றிக்கொண்டவை

முதுகில் ஊசி போடுவதற்கான எங்கள் படிவத்தில் "முதுகின் நடுக்கோடு, புட்டப் பிளவுவரை பார்க்கப்பட்டதா" என்ற வரி சேர்ந்தது. இரண்டாம் முறை மூளையுறை அழற்சி வரும் குழந்தைக்கும், முதல் முறையிலேயே தோல் கிருமியோ குடல் கிருமியோ வளரும் குழந்தைக்கும், மூளையோடு முழு முதுகும் சேர்த்து எம்ஆர்ஐ எடுக்கிறோம். அதில் கொழுப்பு ஒடுக்காத டி1 படமும் ஒடுக்கிய டி1 படமும் கட்டாயம். குழந்தைகளின் மூளை சிடி படங்களை அகன்ற சாளரத்திலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் வந்திருக்கிறது. கூடுதலாக ஒரு நிமிடம் ஆகிறது.

பிரசவ வார்டில், பிளவுக்கு மேலே குழியோ முடியோ உள்ள பச்சிளங் குழந்தைகளை மூன்று மாதம் முடிவதற்குள் அல்ட்ராசவுண்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வயதில் முள்ளெலும்பின் பின்வளைவுகள் முற்றாக எலும்பாகாததால் ஒலியலை உள்ளே புகும், மயக்கம் தேவையில்லை, தண்டுவட நுனி எங்கே முடிகிறது, மூச்சோடும் துடிப்போடும் அசைகிறதா என்பதைப் பால் குடித்தபடியே தூங்கும் குழந்தையில் பார்த்துவிடலாம். மெல்லிய புழையை அது தவறவிடக்கூடும் என்பதால், துளையிலிருந்து கசிவு இருந்தால் அல்ட்ராசவுண்ட் சரியாக இருந்தாலும் எம்ஆர்ஐ எடுக்கிறோம். கசிவு உண்டா என்ற கேள்வியை, குழந்தையைக் குளிப்பாட்டுபவர் யார் என்று விசாரித்து, அவரிடம் கேட்கிறோம்.